மச்சினன் கையில் கயிறு

பதவி உயர்வு வீடு தேடி வந்தபோது ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டார். கேட்டவர் முகத்தில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. கிழவனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். அன்றைக்கு எனக்கு மூட்டுவலி. பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அரம் எப்படிப் பிடிப்பது, இரும்பை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு கயிற்றைப் பற்றி.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்து, உயர்நிலைப் பள்ளிகளில் ஏட்டுப் படிப்போடு ஒரு தொழிலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று சர்க்கார் முடிவு செய்தது. எங்கோ ஒரு மேசையில் விரித்த வரைபடத்தில் ஒருவர் விரலை வைக்க, கோயமுத்தூர் மில் பட்டறையில் வளர்ந்த நான் கீழக்கரைக் கடலோரத்தில் போய் விழுந்தேன். ஊரில் எனக்கு வீடு கிடைக்கவில்லை. அங்கே வீடுகள் பெண்மக்கள் பேரில் இருக்கும்; கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆண்கள் பாதிப்பேர் கொழும்பில் கடை வைத்திருப்பார்கள். பெண்கள் நடமாடும் சந்துகளுக்குள் தனிக்கட்டையாக ஒரு வேற்றூர்க்காரனுக்கு யார் அறை கொடுப்பார்கள்? அவர்கள்மேல் தப்பில்லை. திருப்புல்லாணி கோயில் பக்கத்தில் ஒரு அறை பிடித்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

பள்ளியிலும் நான் தனிதான். பட்டறை, மைதானத்தின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. எண்ணெய்க் கையோடு போய் உட்கார்ந்தால் தமிழையா வேட்டியை ஒதுக்கிக்கொள்வார். மத்தியானச் சோற்றைக் கொட்டகையில், கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். பண்டிகை நாட்களில் அதுவும் இல்லை. பள்ளி பூட்டியிருக்கும், அறையில் நானும் ஸ்டவ்வும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமலே கழித்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும். பொய் சொல்லவில்லை, அந்த நாட்களில் நான் ரொம்பத் துக்கப்பட்டேன்.

எனக்கு வந்த மாணவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கணக்கு வராதவன், இங்கிலீஷ் ஏறாதவன், தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசியவன். ‘எதுக்கும் லாயக்கில்லையா, பட்டறைக்குப் போ’ என்பதுதான் அங்கே தொழில் தேர்வு. உங்கள் பள்ளியிலும் இன்றைக்கு அதே கதைதான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். நல்லாயிருக்கட்டும்.

தானாகக் கேட்டு வந்தவன் ஒரே ஒருவன், காதர். ஐந்தாம் ஃபாரம், இன்றைய பத்தாம் வகுப்பு. உம்மாவும் வாப்பாவும் இல்லை. அக்கா ஆமினா வீட்டில் வளர்ந்தான். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். லாத்தாவின் புருஷர் செய்யது, சங்கு குளிப்பவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலேயே மெதுவாக வேலை செய்பவன் காதர்தான். ஆனால் அவன் அரத்தால் ராவிக் கொடுத்த இரும்பை நான் திரும்ப அளந்து பார்த்ததில்லை.

“ஏண்டா, நீ எதுக்குப் பட்டறைக்கு வந்தே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கடலக் கண்டா வகுத்தக் கலக்குது சார்,” என்றான். “இரும்பு அசையாம இருக்குல்ல.”

கடலோரத்துப் பிள்ளை இப்படிச் சொல்லக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பருவம் வந்தால் அவன் வாரக்கணக்கில் பள்ளிக்கு மட்டம் போடுவான். ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடற்கரைப் பிள்ளைகள் எல்லாரும் பருவத்தில் அப்படித்தான்.

ஆறாம் ஃபாரம் முடியப் போகிற சமயம். வெளியூர் ரயில் பட்டறையில் பயிற்சிக்குப் பையன்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் பிரிவில் செய்முறைத் தேர்வில் தேறியிருந்தால்தான் அவர்கள் சீந்துவார்கள். காதருக்கு அது கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். பங்குனி கடைசியில் தேர்வு என்று சொல்லியிருந்தார்கள். திடீரென்று மதுரையிலிருந்து தந்தி: தேர்வாளர் நாளைக் காலையே வருகிறார், அன்றே முடித்துவிட்டுப் போய்விடுவார். பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாரும் குதித்தார்கள். காதர் மட்டும் வைஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நாளைக்கி நா வரமுடியாது சார். மச்சான் கடலுக்குப் போறாக.”

“அவர் போனா உனக்கென்னடா?”

“நாந்தான சார் கயிறு புடிக்கணும்.”

சாயங்காலம் அவனையே கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செய்யது முன்கூடத்தில் உட்கார்ந்து கயிற்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அகன்ற மார்பு, சிவந்த கண், எப்போதும் யாரோடாவது சண்டைக்குப் போகிற மாதிரி ஒரு பார்வை. உள் வாசலில் திரை தொங்கியது. நான் விஷயத்தைச் சொன்னேன். ஒருநாள் கடலுக்குப் போகாமல் இருக்கக்கூடாதா என்றும் கேட்டேன்.

“வாத்தியாரே, தண்ணி தெளிஞ்சு கெடக்குறதே கொஞ்ச நாளு. நாளைக்கி வள்ளத்துல நா ஏறலைன்னா என் எடத்துல வேற ஆள் ஏறிருவான். பொறகு இந்தப் பருவம் பூராம் நா கரையில ஒக்காந்து காக்கா ஓட்டணும்.”

“சரிங்க. வள்ளத்துலயே வேற யாராவது கயிறு புடிக்கட்டுமே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “குளியாளு கயித்த அண்ணந்தம்பி கையில குடுக்க மாட்டோம். இவன் மவுத்தாப் போனா நமக்கு ஒரு பங்கு கூடும்னு ஷைத்தான் அவன் காதுல ஓதுவான். கூட்டாளி கையிலயும் குடுக்க மாட்டோம். அவன் பராக்குப் பாத்துக்கிட்டு நிப்பான். மச்சினன் கையிலதான் குடுப்போம். ஏன்? நா மேல வரலைன்னா அவன் அக்கா இத்தா இருக்கணும். அவ இருட்டுல ஒக்காந்து அழுகுறத அவந்தான் பாக்கணும். அந்தப் பயத்துல இழுப்பான்.”

புருஷன் இறந்தால் அவர்கள் வீட்டுப் பெண் மாதக்கணக்கில் வெளியே வராமல் துக்கம் காப்பதற்குத்தான் இத்தா என்று பெயர்.

காதர் தலையைக் குனிந்தபடி, “நா போறேன் சார். பரிச்சைய அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்,” என்றான். அடுத்த வருடம் ரயில் பட்டறைக்காரன் இவனுக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை; யார் பக்கம் பேசினாலும் இன்னொருவருக்குக் கேடு. கடலுக்குப் போனால் பையன் வாழ்க்கை போகும், பரீட்சைக்குப் போனால் மச்சான் உயிருக்கு ஆள் இல்லை.

எங்கள் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிக்கொடுத்த வாத்தியார் தேர்வு நடக்கும்போது பட்டறைக்குள் இருக்கக்கூடாது. கண்ணைக் காட்டிவிடுவான், கையைக் காட்டிவிடுவான் என்று சந்தேகம். சாமான்களை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். மறுநாள் பகல் முழுக்க நான் மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று நகம் கடிக்கப் போகிறவன்தான். யோசிக்காமல் வாயை விட்டேன்.

“நான் புடிச்சுக்கறேனுங்க கயித்த.”

செய்யது விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க எனக்கு என்ன மொறை வாத்தியாரே?”

அக்கா தங்கை இல்லாதவன் யாருக்கும் மச்சினன் ஆக முடியாது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை அங்கே ஆள் இருப்பதே எனக்குத் தெரியாது.

“அவுகளுக்குக் கூடப்பொறந்த பொம்பளப் புள்ளைக இருக்காகளான்னு கேளுங்க.”

செய்யது கேட்பதற்கு முன் நானே, “இல்லீங்க, யாருமில்லீங்க,” என்றேன்.

பிறகு குரல் நேராக என்னிடமே பேசியது. “நாளைக்கி நெனச்சாப் பயமா இருக்கா காக்கா?”

அங்கே காக்கா என்றால் அண்ணன். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

“இருக்குதுங்க. ரொம்பவே இருக்குது.”

“அப்பச் சரி. காக்கா புடிக்கட்டும்.”

செய்யது மெழுகை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏலே காதரு, இந்தப் பொம்பளைக்குப் புத்தி கெட்டுப்போச்சுடா,” என்றார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது காதர் ஒரு துணி நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தான். லாத்தா தான் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டி ஓரத்தைக் கிழித்துக் கொடுத்ததாம். கயிறு இழுத்தால் வாத்தியார் உள்ளங்கை உரிந்துபோகும், சுற்றிக்கொள்ளட்டும் என்று.

அன்றைக்குக் கொட்டகையிலேயே படுத்தேன். விடியுமுன் தேர்வுக்கான சாமான்களை மேசைமேல் எடுத்து வைத்து, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போனேன். வள்ளம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் என் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வள்ளத்துக்கு மூத்தவரைத் தண்டல் என்பார்கள். அவர் என் முதுகைத் தட்டி, “வாத்தியாரு மீனுக்கு எரை போடுறாரு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

வேலை பார்க்க எளிது. குளியாள் ஒரு கல்லில் காலை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். இடுப்பில் கட்டிய கயிற்றின் இன்னொரு நுனி நம் கையில். தரையில் சங்கைத் தேடி வலைப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவார். சுண்டினதும் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவர் தலை தண்ணீருக்குள் போன மறுகணம் உலகத்தில் உங்களுக்கு வேறு எதுவும் கிடையாது. பச்சையாக ஒரு நிழல், அப்புறம் அதுவும் இல்லை. கீழே என்ன நடக்கிறது என்று கேட்க முடியாது. பக்கத்தில் ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் திருப்புல்லாணி அறையில் இருந்ததைவிடத் தனியாக அந்த வள்ளத்தில் நின்றேன். கயிற்றைத் தவிர எனக்கு அங்கே துணை இல்லை.

முதலில் சில தடவை அவர் சுண்டினார், நான் இழுத்தேன். வெயில் ஏறிய பிறகு ஒருதடவை இறங்கியவர் சுண்டவில்லை. நான் காத்திருந்தேன். கயிறு விறைப்பாகவும் இல்லை, தொங்கவும் இல்லை, சும்மா கிடந்தது. பட்டறையில் பையன்களுக்கு நான் முதல்நாள் சொல்வது ஒன்றுண்டு: மிஷின் சத்தம் மாறினால் முதலில் நிறுத்து, அப்புறம் என்னைக் கேள். இங்கே சத்தமே இல்லையே, எதை வைத்து நிறுத்துவது?

“இழுக்கட்டுங்களா?” என்று தண்டலைக் கேட்டேன்.

“சும்மா இருங்க. செய்யது மூச்சு எங்களுக்குத் தெரியும். சுண்டாம இழுத்தா அவருக்கு மானக்கேடு, மேல வந்து ஒங்களத் தண்ணியில தள்ளிருவாரு.”

அவர்கள் கடலிலேயே பிறந்தவர்கள். நான் காலையில் வாந்தி எடுத்தவன். அவர்கள் பேச்சைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் கையில் அந்த வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் ஒருத்தி இருட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைப்பு வந்தது. அவ்வளவுதான், மடமடவென்று இழுத்தேன். தண்டல் ‘ஏய் ஏய்’ என்று கத்தினார். நான் விடவில்லை.

செய்யது மேலே வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். மூச்சு வாங்கியதும் அவர் பேசிய முதல் பேச்சை எழுத முடியாது. அடுத்தது இது: “கல்லுச் சந்துல ஒரு சங்க இப்பத்தான்யா அசைச்சேன்! யாருய்யா ஒம்ம இழுக்கச் சொன்னா?”

வள்ளமே சிரித்தது. அடுத்த தடவையும் சுண்டுமுன் இழுத்தேன். அதற்கடுத்த தடவையும். என்னால் முடியவில்லை, தம்பிகளே. திட்டுவார் என்று தெரியும். அவர் பையில் சங்கு குறைகிறது என்றும் தெரியும். கீழே அவருக்கு நிஜமாகவே ஆபத்து இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தபின் இழுப்பதற்கு ஆளே வேண்டாமே.

மத்தியானம் கரை ஏறினோம். காதர் மணலில் ஓடிவந்தான். முதலில் மச்சானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்து, “பொருந்திருச்சு சார்,” என்றான். தேர்வில் கொடுத்த சதுரத் துளையில் அவன் ராவிய இரும்புக் கட்டை பொருந்திவிட்டதாம். எனக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். கடல்தண்ணீர் வழியும் முகத்தில் யாருக்குத் தெரியும்?

வீட்டு வாசலில் கால் வைத்ததுமே செய்யது திரையைப் பார்த்துப் புகார் சொல்லத் தொடங்கிவிட்டார். “இந்தா பாரு, ஒங்காக்கா நமக்குச் சரிப்பட மாட்டாரு. செத்த நேரம் கீழ நிம்மதியா விட மாட்டேங்குறாரு. இழுக்குறாரு, இழுக்குறாரு, இழுத்துக்கிட்டே இருக்குறாரு. ஒன் தம்பியாச்சும் பத்துக்கு ஒரு தடவைதான் பயந்து இழுப்பான்!”

திரைக்குப் பின்னாலிருந்து ஆமினா, “அப்ப அடுத்த தடவையும் அவுகளே புடிக்கட்டும்,” என்றாள்.

மிச்சப் பருவத்துக்குக் காதரே திரும்பிப் போய்க் கயிறு பிடித்தான். பருவம் முடிந்தது. முடிவு வந்தது. ரயில் பட்டறையில் அவனை எடுத்துக்கொண்டார்கள். ராமநாதபுரம் ஸ்டேஷனில் அவனை ஏற்றிவிடச் செய்யதும் நானும் போனோம். எங்கள் பிரிவிலிருந்து முதல்முதலாக ஒருவன் வேலைக்குப் போகிறான்; எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி போய்விட்டது. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்த செய்யது, கோபமில்லாமல் சொன்னார்:

“எங்கூட்டுக் கயித்த நீங்க ரயில்ல ஏத்தி விட்டுட்டீக வாத்தியாரே.”

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கொடுக்கிறோம், நல்லது, கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவன் போவதால் எந்த வீட்டில் எந்தக் கை காலியாகிறது என்று ஒருதடவை போய்ப் பாருங்கள். பார்த்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். முதலில் போய்ப் பாருங்கள். பட்டறைக்கு வெளியேயும் நமக்கு வேலை இருக்கிறது.

அடுத்த தை மாதம் எனக்கு உத்தரவு வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு நான்தான் தலைமை. எனக்குக் கீழே ஆட்கள், நல்ல கட்டடம், உட்கார நாற்காலி. தகரக் கொட்டகையில் வெந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொல்லிக்கொண்டு போகலாம் என்று செய்யது வீட்டுக்குப் போனேன். இடையில் நான் அங்கே அடிக்கடி போனதில்லை. போவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

செய்யது சந்தோஷப்பட்டார். “போங்க வாத்தியாரே, நல்ல விசயந்தான. கயித்துக்கு வேற ஆள் யாரையாச்சும் பாத்துக்கிருவோம்,” என்றார். அவர் குரல் அதற்குச் சரிப்படவில்லை. பருவம் நெருங்கியிருந்தது. மூலையில் கயிறு சுருட்டிக் கிடந்தது, மெழுகு தேய்க்கவில்லை.

உள்ளிருந்து தேத்தண்ணி வந்தது. திரைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது, வளையல் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். போனபோதெல்லாம் ஏதாவது சொல்லும் அந்தக் குரல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். திருப்புல்லாணி பஸ் வந்தது. ஏறவேண்டியதுதான், ஏறினால் அறை, அறையில் ஸ்டவ், அப்புறம் முதுகுளத்தூரில் இன்னொரு அறை, அதிலும் அதே ஸ்டவ். கண்டக்டர், “வாறீகளா இல்லையா சார்?” என்று கத்தினார். போங்க என்று கையைக் காட்டினேன்.

திரும்ப வந்தபோது செய்யது அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத்தான் பேசினேன். “ஆமினா, நான் எங்கயும் போகலை. வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்.”

திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“தேத்தண்ணி ஆறிப்போச்சு காக்கா. ஒக்காருங்க, வேற போட்டுத் தாரேன்.”